‘கணினி ஆய்வில் கண்டறியப்பட்ட மருந்து’ என்றால் என்ன? நோயாளிகளுக்கும் பராமரிப்போருக்கும் ஒரு விளக்கம்

நோய்க்கிருமியிலோ மனித உடலிலோ உள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தோடு எந்த வேதிச்சேர்மம் இணைந்து அதன் செயலைத் தடுக்கக்கூடும் என்பதைக் கணினியில் முன்கூட்டியே கணித்து, வாய்ப்புள்ள சேர்மங்களைப் பட்டியலிடும் முறை மெய்நிகர் தெரிவு எனப்படும். புதிய மருந்தைக் கண்டறியும் நெடிய பணியில் இது முதற்படிகளுள் ஒன்று. இப்படியில் தேறிய சேர்மம் மருந்தன்று. ஆய்வுக்கூடத்தில் சோதித்துப் பார்க்கத் தக்கது என்று குறித்து வைக்கப்பட்ட சேர்மம், அவ்வளவே.

இந்த வேறுபாட்டை விளக்க வேண்டிய தேவை புறநோயாளிகள் பிரிவில் அடிக்கடி எழுகிறது. திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையிலுள்ள பெருமுக்கல் சுற்றுவட்டாரத்திலிருந்து காசநோய்ச் சிகிச்சைக்கு வரும் உப்பளத் தொழிலாளர் குடும்பங்களில், நோயாளியின் மகனோ மருமகளோ கைப்பேசியில் வந்த ஒரு செய்தியைக் காட்டிக் கேட்பதுண்டு: “இந்த மூலிகை காசநோய்க் கிருமியை அழிக்கும் என்று கம்ப்யூட்டரே உறுதி செய்துவிட்டதாமே, பிறகு எதற்கு ஆறு மாதம் மாத்திரை?” செய்தியை நம்பி இரண்டாம் மாதத்திலேயே மாத்திரையை நிறுத்தியவர்களும் உண்டு. இத்தகைய செய்திகள் பெரும்பாலும் முழுப்பொய்யாக இருப்பதில்லை என்பதே இதிலுள்ள சிக்கல். ஆய்வு உண்மையில் நடந்திருக்கும், கட்டுரையும் வெளிவந்திருக்கும். ஆனால் கட்டுரை சொன்னது ஒன்று, கைக்கு வந்து சேர்ந்தது மற்றொன்று.

கணினி செய்யும் வேலை

பள்ளிப் பாடநூல்களில் நொதியைப் பூட்டுக்கும், அதனோடு இணையும் பொருளைச் சாவிக்கும் ஒப்பிட்டுப் படித்திருப்போம். புரதத்தின் மேற்பரப்பில் ஒரு குழிவு இருக்கும். அக்குழிவில் ஒரு சேர்மம் சென்று அமர்ந்துகொண்டால் புரதம் தன் வேலையைச் செய்ய இயலாது. புரதத்தின் முப்பரிமாண வடிவத்தைக் கணினிக்குக் கொடுத்து, ஒவ்வொரு சேர்மத்தையும் பல கோணங்களில் திருப்பி அக்குழிவில் பொருத்திப் பார்க்கச் செய்கிறார்கள். இதற்கு டாக்கிங் என்று பெயர். எவ்வளவு இறுக்கமாகப் பொருந்துகிறது என்பதற்கு ஒரு மதிப்பெண் வழங்கப்படுகிறது. மதிப்பெண் வரிசையில் முன்னிற்கும் சில நூறு சேர்மங்கள் அடுத்த கட்டச் சோதனைக்குச் செல்கின்றன. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சான் பிரான்சிஸ்கோ வளாகத்தில் 1982-இல் இத்தகைய முதல் நிரல் உருவாக்கப்பட்டது.

இம்முறை இல்லாவிடில் இலட்சக்கணக்கான சேர்மங்களை ஒவ்வொன்றாக வாங்கியோ தயாரித்தோ சோதிக்க வேண்டியிருக்கும். அதற்குப் பணமும் காலமும் மிகுதியாகத் தேவைப்படும். எனவே முறத்தில் இட்டுப் புடைப்பதுபோல முதலில் பதரை அகற்றும் வேலையைக் கணினியிடம் ஒப்படைக்கிறார்கள். முறத்தில் எஞ்சியதெல்லாம் நெல்மணி ஆகிவிடாது, கல்லும் கிடக்கும். சில நேரங்களில் நல்ல மணியும் பதரோடு பறந்துவிடும். மெய்நிகர் தெரிவு முறைகளை மேம்படுத்துவது என்றால் இவ்விரு பிழைகளையும் குறைப்பது என்று பொருள்.

பிழையின் அளவை அறிய ஒரு நல்ல சான்று உண்டு. 2019-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு ஒன்றில், மூளையிலுள்ள ஒரு வகை டோபமைன் ஏற்பியோடு 13 கோடிக்கும் மேற்பட்ட சேர்மங்களைக் கணினியில் பொருத்திப் பார்த்தனர். அவற்றுள் 549 சேர்மங்களை உண்மையிலேயே தயாரித்து ஆய்வுக்கூடத்தில் சோதித்தனர். புதிய வகை அமைப்புடையவையாக அந்த ஏற்பியோடு இணைந்தவை 81. இத்துறையில் இது மிகச் சிறந்த வெற்றிகளுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அவ்வெற்றியிலும், தயாரித்துச் சோதித்தவற்றுள் பெரும்பாலானவை எதிர்பார்த்த பலனைத் தரவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். மேலும் அந்த 81-உம் மருந்துகள் அல்ல.

சென்னையின் பங்களிப்பு

பூட்டின் வடிவம் பிழையாக இருந்தால் அதற்கேற்பத் தேடிய சாவிகள் அனைத்தும் பிழையாகும். ஆகவே புரதத்தின் வடிவம் நம்பத்தக்கதா என்பதை முதலில் சரிபார்க்கிறார்கள். இதற்கு உலகெங்கும் பயன்படும் அளவுகோல்களுள் ஒன்று சென்னைப் பல்கலைக்கழகத்தில் உருவானது. பேராசிரியர் ஜி.என். ராமச்சந்திரனும் அவருடைய சகாக்களான சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோரும் 1963-இல் வெளியிட்ட வரைபடம், புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் மடங்க முடியும், எந்தெந்தக் கோணங்களில் அணுக்கள் ஒன்றோடொன்று மோதும் என்பதைக் காட்டுகிறது. ராமச்சந்திரன் வரைபடம் எனப்படும் இது அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் வழக்கொழியவில்லை. செயற்கை நுண்ணறிவு கணித்துத் தரும் புரத வடிவங்களையும் இதை வைத்தே சரிபார்க்கிறார்கள்.

சாவிகளின் பக்கமும் சென்னைக்குப் பங்குண்டு. தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இந்திய மருத்துவத் தாவரங்களிலுள்ள வேதிச்சேர்மங்களைப் பழைய நூல்களிலிருந்தும் ஆய்வுக் கட்டுரைகளிலிருந்தும் தொகுத்து ‘இம்பாட்’ என்னும் தரவுத்தளத்தை 2018-இல் வெளியிட்டனர். முதற்பதிப்பில் 1,742 தாவரங்களும் 9,596 சேர்மங்களும் இருந்தன. இரண்டாம் பதிப்பில் தாவரங்கள் 4,010 ஆகவும் சேர்மங்கள் 17,967 ஆகவும் உயர்ந்தன. வாய்வழி உட்கொண்டால் உடலில் உறிஞ்சப்படும் தன்மை முதலிய பல அளவுகோல்களை ஒருங்கே வைத்து வடிகட்டியபோது, மருந்தாகும் இயல்புடையவை என எஞ்சியவை 1,335 மட்டுமே. ஒரு தாவரத்தில் ஒரு சேர்மம் இருப்பதற்கும், அச்சேர்மம் குடலைக் கடந்து குருதியில் கலந்து நோயுற்ற இடத்தைச் சென்றடைவதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உள்ளது என்பதை இந்த எண்களே சொல்லும்.

ஐசோனியசிட்: கணினி தவறவிடக்கூடிய மருந்து

காசநோயாளிகள் உட்கொள்ளும் மாத்திரையிலுள்ள மருந்துகளுள் ஐசோனியசிட் முதன்மையானது. 1952 முதல் பயன்பாட்டிலுள்ளது. காசநோய்க் கிருமியின் மேலுறை மெழுகு போன்ற தடித்த படலம். அப்படலத்தைக் கட்டுவதற்கு வேண்டிய ‘இன்எச்ஏ’ என்னும் நொதியை இம்மருந்து முடக்குகிறது.

இனி ஒரு கற்பனை. ஐசோனியசிட் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்றும், இன்எச்ஏ நொதியின் குழிவில் பொருந்தும் சேர்மத்தை எளிய டாக்கிங் முறையால் தேடுகிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். ஐசோனியசிட் அப்பட்டியலில் முன்னிலைக்கு வர வாய்ப்பு மிகக் குறைவு. ஏனெனில் மாத்திரையில் உள்ள வடிவில் அது அந்நொதியை முடக்குவதே இல்லை. கிருமிக்குள் நுழைந்தபின் கேட்ஜி என்னும் வேறொரு நொதி அதனைச் செயலூக்கம் பெறச் செய்கிறது. பின்னர் அது கிருமியிலேயே உள்ள என்ஏடி என்னும் துணைப்பொருளோடு இணைந்து ஒரு புதிய மூலக்கூறாக மாறுகிறது. அந்தப் புதிய மூலக்கூறே இன்எச்ஏ நொதியைப் பிணைக்கிறது. மருந்து புழக்கத்துக்கு வந்து நாற்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1998-இல்தான் இந்த இணைப்பின் வடிவம் கண்கூடாகக் காட்டப்பட்டது. கேட்ஜி நொதியில் மாற்றம் அடைந்த கிருமிகள் ஐசோனியசிட்டுக்குக் கட்டுப்படாமல் போவதும் இதனால்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. ஐசோனியசிட் மிகச் சிறிய மூலக்கூறு. பொதுவான மதிப்பெண் முறைகள் பெரிய மூலக்கூறுகளுக்குச் சாதகமானவை. உருவம் பெரிதானால் குழிவைத் தொடும் இடங்களும் மிகுதி, மதிப்பெண்ணும் மிகுதி. அதனால் உருவத்துக்கு ஏற்ப மதிப்பெண்ணைச் சரிசெய்யும் முறைகள் பிற்காலத்தில் உருவாயின.

இதற்கு எதிர்த்திசைப் பிழையும் காசநோய் ஆய்வில் பலமுறை நேர்ந்துள்ளது. கணினியில் உயர் மதிப்பெண் பெற்று, சோதனைக்குழாயிலும் நொதியைத் தடுத்த சேர்மம், உயிருள்ள கிருமியின்மீது இட்டபோது பயனற்றுப் போகும். மெழுகுறையைத் தாண்ட இயலாது. தாண்டினாலும் கிருமி அதனை வெளியே தள்ளிவிடும். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு இன்று தரப்படும் பெடாகுயிலின், கணினியில் ஒரு புரதத்தோடு பொருத்திப் பார்த்துக் கிடைத்ததன்று. உயிருள்ள கிருமிகளின்மீது சேர்மங்களை நேரடியாகச் சோதித்து, அம்முடிவு 2005-இல் வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் 2012 டிசம்பரில் அதற்கு ஒப்புதல் கிடைத்தது. கணினியைக் குறைத்து மதிப்பிடுவதற்காக இதைக் கூறவில்லை. எந்தக் கேள்விக்குக் கணினியிடம் விடை உண்டு, எதற்கு இல்லை என்பதைத் தெரிந்துகொள்வதற்காகவே கூறுகிறோம்.

முறைகள் மேம்பட்டு வரும் விதம்

தொடக்க கால நிரல்கள் புரதத்தை அசையாத கல்லாகக் கருதின. உண்மையில் புரதம் இடையறாது அசைகிறது. குழிவு விரிந்து சுருங்குகிறது. அதனுள் நீர் மூலக்கூறுகளும் உள்ளன. இப்போது ஒரே புரதத்தின் பல நிலைகளில் பொருத்திப் பார்க்கிறார்கள். முதற்கட்டத்தில் தேறியவற்றை, அணுக்களின் அசைவை நொடியின் நுண்பகுதிகளாகக் கணக்கிடும் விரிவான முறைக்கு உட்படுத்தி, அவை குழிவில் நிலைத்து நிற்கின்றனவா, நழுவி விடுகின்றனவா என்று பார்க்கிறார்கள். இதற்குக் கணினி நேரம் மிகுதியாகத் தேவைப்படுவதால் எல்லாச் சேர்மங்களுக்கும் இதைச் செய்ய முடியாது.

புரத வடிவங்களைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்ட் என்னும் செயற்கை நுண்ணறிவு முறை இத்துறைக்குப் பெரும் வலிமை சேர்த்தது. 2022-இல் அதன் பொதுத் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்கள் இடம்பெற்றன. 2024-ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசில் ஒரு பாதி இப்பணிக்கு வழங்கப்பட்டது. ஆயினும் ஒட்டுமொத்த வடிவம் சரியாக இருந்தாலும் மருந்து அமரும் குழிவின் நுட்பம் சற்றுப் பிசகினால் டாக்கிங் தடுமாறும்.

மதிப்பெண் வழங்கும் பணியையும் இப்போது எந்திரக் கற்றலிடம் விடுகிறார்கள். இதில் ஒரு சுவையான பிழை வெளிப்பட்டது. புதிய முறைகளைச் சோதிக்கப் பரவலாகப் பயன்படுத்தப்பட்ட ஒரு தேர்வுத் தொகுப்பில், உண்மையில் செயல்படும் சேர்மங்களோடு செயல்படாதவை எனக் கருதப்படும் போலிச் சேர்மங்களும் கலந்திருந்தன. எந்திரக் கற்றல் முறைகள் இத்தேர்வில் மிகச் சிறப்பாகத் தேறின. ஆனால் புரதத்தின் வடிவத்தை அவற்றிடமிருந்து மறைத்துவிட்டுக் கேட்டபோதும் ஏறத்தாழ அதே அளவு தேறின என்று 2019-இல் காட்டப்பட்டது. பூட்டைப் பார்க்காமலேயே சரியான சாவியைச் சொன்னது போலாகும் இது. பாடம் புரியாமல், வினாத்தாள் தயாரிப்பவரின் வழக்கத்தை மட்டும் மனனம் செய்த மாணவனின் நிலை. இன்று இத்துறையில் மதிப்புமிக்க சோதனையாகக் கருதப்படுவது, முன்பு எவரும் அறியாத சேர்மங்களைக் கணினி முன்மொழிந்து, பின்னர் ஆய்வுக்கூடம் அவற்றைச் சரிபார்ப்பது. ஆய்வுக்கூடச் சோதனை இன்றி ‘எங்கள் முறை 95 விழுக்காடு துல்லியமானது’ என்று கூறும் செய்திகளை இதை மனத்தில் கொண்டு படிக்கலாம்.

மஞ்சளைப் பற்றி

மஞ்சளிலுள்ள குர்குமின் ஏறத்தாழ எல்லா நோய்க்கும் பயன்படும் என்று கூறும் கணினி ஆய்வுகளும் சோதனைக்குழாய் ஆய்வுகளும் ஏராளம். மருந்து வேதியியலாளர்கள் இதனை ஐயத்தோடு பார்ப்பதற்குக் காரணம் உண்டு. குர்குமின் ஒளிரும் தன்மையுடையது, நிலையற்றது, பல புரதங்களோடும் வரைமுறையின்றி வினைபுரிவது. அதனால் பல சோதனைகளில் மருந்துபோலத் தோற்றமளிக்கிறது. இவ்வாறு சோதனையையே ஏமாற்றும் சேர்மங்களை முன்கூட்டியே நீக்கும் வடிகட்டிகள் இப்போது மெய்நிகர் தெரிவில் சேர்க்கப்பட்டுள்ளன. குர்குமின் பற்றி 2017-இல் வெளியான விரிவான மதிப்பாய்வு, நோயாளிகளிடம் முறையாக நடத்தப்பட்ட ஒப்பீட்டு ஆய்வுகளில் அதன் பயன் நிறுவப்படவில்லை என்றே முடிந்தது. சமையலில் மஞ்சள் சேர்ப்பதற்கும் இதற்கும் தொடர்பில்லை. செறிவூட்டப்பட்ட மஞ்சள் மாத்திரைகளைப் பற்றியதே எச்சரிக்கை. அவற்றால் சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு நேர்ந்தது பதிவாகியுள்ளது. காசநோய் மருந்துகளும் கல்லீரலைப் பாதிக்கக்கூடியவை என்பதால் இரண்டையும் ஒருங்கே உட்கொள்வது ஆபத்தானது.

சித்த மருத்துவம் பற்றிய கேள்வி

2020-இல் கபசுரக் குடிநீரின் மூலிகைகளிலுள்ள சேர்மங்களைக் கொரோனா வைரஸின் முட்புரதத்தோடு கணினியில் பொருத்திப் பார்த்த ஆய்வு வெளியானது. கணித அறிவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் அதே ஆண்டில் 14,000-க்கும் மேற்பட்ட தாவரச் சேர்மங்களை, வைரஸ் உட்புகத் துணைபுரியும் மனிதப் புரதங்களோடு பொருத்திப் பார்த்தனர். இவை நேர்மையான முதற்கட்ட ஆய்வுகள். ஆனால் குடிநீர் என்பது பல சேர்மங்களின் கலவை. கணினி ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியாகவே பார்க்கிறது. காய்ச்சும்போதும் செரிக்கும்போதும் சேர்மங்கள் மாறுகின்றன. எனவே டாக்கிங் மதிப்பெண்ணைக் கொண்டு ஒரு சித்த மருந்து பயன் தரும் என்றும் நிறுவ முடியாது, தராது என்றும் நிறுவ முடியாது. சித்த மருந்து எடுக்க விரும்புவோர் அரசு மருத்துவமனைகளிலுள்ள சித்த மருத்துவ அலுவலரிடம் கேட்டு, அதைச் சிகிச்சை தரும் மருத்துவரிடமும் தெரிவிப்பது சரியான வழி.

கணினியில் தொடங்கி நோயாளியை வந்தடைந்தது

வெற்றிகளும் உண்டு. ஜப்பானின் ஷியோனோகி நிறுவனம் கொரோனா வைரஸின் ஒரு நொதியைக் குறிவைத்துத் தன் சேர்மத் தொகுப்பை மெய்நிகர் தெரிவுக்கு உட்படுத்தியது. தேறியவற்றை ஆய்வுக்கூடத்தில் சோதித்து, கிடைத்த சேர்மத்தைப் படிப்படியாகத் திருத்தி, என்சிட்ரெல்விர் என்னும் மருந்தை உருவாக்கியது. 2022 நவம்பரில் ஜப்பான் அதற்கு அவசரகால ஒப்புதல் அளித்தது. நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில் அது அறிகுறிகளின் காலத்தை ஏறத்தாழ ஒரு நாள் குறைத்தது. கணினியின் திறமைக்கு நல்ல சான்று. பலனின் அளவையும் சேர்த்தே நினைவில் கொள்ள வேண்டும்.

2020-இல் செயற்கை நுண்ணறிவு மூலம் தெரிந்தெடுக்கப்பட்ட ஹேலிசின் என்னும் சேர்மம் ஆய்வுக்கூடத்தில் காசநோய்க் கிருமியையும் அழித்தது. உலகெங்கும் தலைப்புச் செய்தியானது. ஆனால் இன்னும் மனிதருக்கான நுண்ணுயிர்க்கொல்லி மருந்தாக ஒப்புதல் பெறவில்லை.

நம் நாட்டில், அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சிக் குழு 2008-இல் தொடங்கிய திறந்த மூல மருந்துக் கண்டுபிடிப்புத் திட்டம் காசநோயை முதல் இலக்காகக் கொண்டது. கல்லூரி மாணவர்கள் உள்ளிட்ட தன்னார்வலர்கள் இணையவழியே ஒன்றுகூடி, கிருமியின் ஏறத்தாழ 4,000 மரபணுக்களைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தனர். வறியோரைத் தாக்கும் நோய்க்கு மருந்து தேடப் பெருநிறுவனங்கள் முன்வராதபோது, செலவு குறைந்த கணினி முறைகள் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அத்திட்டம் காட்டியது.

செய்தியை எடைபோடும் வழி

‘கண்டறியப்பட்டது’ என்னும் சொல்லைப் பார்த்தவுடன், எங்கே கண்டறியப்பட்டது என்று கேட்க வேண்டும். கணினியிலா, சோதனைக்குழாயிலா, விலங்கிலா, நோயாளிகளிடமா? இந்தியாவில் நோயாளிகளிடம் நடைபெறும் மருந்து ஆய்வு எதுவாயினும், அது இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். 2009 ஜூன் 15 முதல் இது கட்டாயம். பதிவேட்டை எவரும் கட்டணமின்றி இணையத்தில் பார்க்கலாம். ஆய்வில் சேருமாறு எவரேனும் அழைத்தால் பதிவு எண்ணைக் கேளுங்கள். எழுத்து வடிவிலான விளக்கத்தைத் தமிழில் பெற்றுப் படித்த பின்னரே ஒப்புதல் தாருங்கள். ஆய்வில் சேர்வதற்காகப் பணம் கேட்டால் அதை உடனே உங்கள் மருத்துவ அலுவலரிடம் தெரிவியுங்கள்.

காசநோய்ச் சிகிச்சையில் இருப்போருக்கு

முதல் இரண்டு மாதங்களில் இருமலும் காய்ச்சலும் அடங்கி, பசி எடுத்து, எடை கூடத் தொடங்கும். உப்பள வேலைக்குத் திரும்பலாம் என்ற தெம்பும் வரும். பெரும்பாலான கிருமிகள் அதற்குள் அழிந்திருந்தாலும், மெல்ல வளரும் சில எஞ்சியிருக்கும். அவற்றை அழிக்கவே மீதமுள்ள நான்கு மாத மருந்து. இடையில் நிறுத்தினால் அவை மீண்டும் பெருகும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமிகளாகவும் மாறக்கூடும். அது வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் தொற்றலாம்.

ரிஃபாம்பிசின் மற்ற மருந்துகள் பலவற்றின் அளவை உடலில் குறைத்துவிடும் தன்மையுடையது. ஆகவே கசாயம், சூரணம், ஊட்டச்சத்து மாத்திரை என எதை உட்கொண்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். கண் மஞ்சளாதல், சிறுநீர் அடர்நிறமாதல், தொடர் வாந்தி ஆகியவை தோன்றினால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவும். காசநோய்ப் பரிசோதனையும் மருந்துகளும் அரசு நிலையங்களில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக மாதம் ரூ.1,000 நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் இது ரூ.500 ஆக இருந்தது. ஐயங்களுக்கு நிக்ஷய் உதவி எண் 1800-11-6666, தமிழ்நாடு மருத்துவ உதவி எண் 104 ஆகியவற்றைக் கட்டணமின்றி அழைக்கலாம். கைப்பேசிக்கு வந்த செய்தி மெய்யா என்று கேட்பதற்கும் அழைக்கலாம். அல்லது அடுத்த முறை மாத்திரை வாங்க வரும்போது அச்செய்தியை நேரில் காட்டலாம்.